மருதடியில் ஏழு கொப்பிகள்

உன் பென்சில் இன்று காலை என்னிடம் வந்து சேர்ந்தது. சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்டது, அரை விரல் நீளம்கூட இல்லை. பின்பக்கத்தில் உன் பல் பதிந்த அடையாளம் அப்படியே இருக்கிறது. மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் மரத்தூள் மணம் வருகிறது, அதற்குப் பிறகு லேசாக மருந்துச் சவர்க்காரம். கிளினிக் முடிந்து வந்து என் மேசையில் கையூன்றி நிற்கும்போது உன்னிடம் வீசும் அதே மணம்.

இன்று வருடத்தின் கடைசி நாள். வவுனியாவில் விடிந்ததிலிருந்து மழை. அம்மா உள்ளே போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறா. எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே ஒரு தபாற் கந்தோரில் தற்காலிகமாக வேலை தந்திருக்கிறார்கள், இருக்க ஓர் அறை கிடைத்திருக்கிறது. அழ வேண்டியதையெல்லாம் முகாமிலேயே அழுது முடித்துவிட்டேன். புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, நம் வழக்கப்படி இடது பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஓரம் விட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பென்சிலைக் கொண்டுவந்தவர் உன் கணவர். நான் அண்ணை என்று கூப்பிடும் மனிதர், முன்பே பேச்சுக் குறைவு, இப்போது இன்னும் குறைவு. சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் இருக்கிறாராம். நனைந்த சட்டையோடு கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தாளில் சுற்றிய பென்சிலைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். “அவளின்ர யூனிபோம் பொக்கற்றுக்க இருந்தது, தங்கச்சி. எனக்கு எழுத ஒண்டும் இல்லை. நீங்கள் வச்சிருங்கோ” என்றார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் வந்த விஷயத்தைக் கேட்டார். “அவளின்ர கொப்பியள் உங்களிட்டத்தானே இருந்தது? எல்லாம் வேண்டாம். ஒண்டைத் தந்தாக் காணும். அவளின்ர எழுத்தெண்டு என்னட்ட ஒரு துண்டும் இல்லை.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நேரே அங்கே போக எனக்குத் துணிவில்லை. முதலிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

சண்டை ஓய்ந்து வெளியூருக்குப் பாதை திறந்த வருடம். விசுவமடுத் தபாற் கந்தோரில் கடிதங்கள் மாதக்கணக்கில் கிடந்து மக்கிய காலம் போய், போன கிழமை எழுதிய கடிதம் இந்தக் கிழமை வருகிறதே என்று சனம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள். நீ வெள்ளை யூனிபோமோடு வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு தடித்த கடித உறையை என் முன்னால் தள்ளினாய். கொழும்புப் பத்திரிகை ஒன்றின் முகவரி. நான் அதை நிறுக்காமல் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன்.

“நீர் கவிதை எழுதுறனீரோ?”

உனக்கு முகம் சிவந்துவிட்டது. “கடிதத்தை உடைச்சுப் பாக்கிறனீங்களோ?”

“உடைக்கத் தேவையில்லை. இதே அட்ரசுக்குத்தான் நானும் அனுப்பிறனான்.”

“போட்டவங்களோ?”

“ஒண்டு போட்டவங்கள். ரெண்டு வரியை வெட்டிப்போட்டு.”

“எந்த ரெண்டு வரி?” என்று நீ கேட்டாய். நான் சொன்னேன். “வெட்டினது சரிதான்” என்றாய். அறிமுகமாகி ஐந்து நிமிடமாகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உன் உறையில் முத்திரையைக் கோணலாக ஒட்டினேன். ஊரெல்லாம் மிஸ்ஸி என்று மரியாதையாகக் கூப்பிடும் மருத்துவிச்சி, இப்படி வாயில் கத்தி வைத்துக்கொண்டு திரிகிறாளே என்றிருந்தது. இருந்தாலும் அடுத்த கிழமை நீ எப்போது வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

அந்த வருடக் கடைசியில் உன் வீட்டுக் குசினியில் வைத்து அந்த வழக்கத்தைத் தொடக்கினாய். வெளியே நல்ல மழை, அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. நான் என் பழைய கவிதை ஒன்றை நாலாம் தடவையாக மாற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தேன். நீ கொப்பியைப் பிடுங்கினாய். “இஞ்ச பார், பெத்த பிள்ளையைத் திரும்ப வயித்துக்க வைக்கேலாது. இனி இது என்னட்ட இருக்கட்டும். உன்ர கைக்கு எட்டாத இடத்தில.” பதிலுக்கு உன்னுடையதை என் மடியில் போட்டாய். அன்றிலிருந்து ‘நீர்’ போய் ‘நீ’ ஆனது. வருடக் கடைசி நாளில் உன் கவிதைகளை நானும் என் கவிதைகளை நீயும் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு கொப்பியை மாற்றிக்கொள்ள வேண்டும், அது திரும்பி வராது. எழுதியவருக்கு அதில் இனி உரிமை இல்லை. வைத்திருப்பவர் ஓரத்தில் பென்சிலால் என்னவும் எழுதலாம். அதற்காகத்தான் அந்த மூன்று விரல்.

நான் உன் ஓரங்களில் ஒன்றும் எழுதியதில்லை. எனக்கு உன் கவிதைகள் மேல் ஒருவித பயம் இருந்தது. நீயோ அடுத்தடுத்த மாதங்களில் என் கொப்பியை மெதுவாக வாசித்து, ஓரம் முழுக்க எழுதிவிட்டு, கந்தோருக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோவாய். “இந்த வரி காணும், மிச்சம் அலட்டல்.” “இதை எழுதேக்க பசியோட இருந்தனியோ?” “சொல்லு அழகு, ஆனா ஆர் கதைக்கிறது?” பிடித்துப்போனால் ஒரே எழுத்து, “ம்.” ஏழு கொப்பியிலும் சேர்த்துப் பார்த்தால் அந்த “ம்” பதினொரு இடத்தில் இருக்கிறது. எந்தப் பக்கங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கடல் வந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் விசுவமடுவில் இருந்துகொண்டு, அலையைக் கண்ணாலும் காணாமல், மூன்று நாளில் ஒரு நீண்ட கவிதை எழுதினேன். கடலைத் தாயென்றும் பேயென்றும் கூப்பிட்டேன். வருடக் கடைசி நாளில் நீ வந்தாய். கண் வீங்கியிருந்தது, நகக்கண்ணில் மண். எழுத ஒன்றுமில்லை என்று வெறுங்கொப்பியைத் தந்தாய். என்னுடையதை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அங்கேயே பென்சிலை எடுத்து ஓரத்தில் “பொய்” என்று எழுதினாய். முதல் தடவை.

“எது பொய்? அவ்வளவு சனம் செத்தது பொய்யோ?” என்று கத்தினேன்.

“சனம் செத்தது உண்மை. நீ அழுதது பொய். நீ நல்லா எழுதோணுமெண்டு எழுதியிருக்கிறாய்.”

இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. அந்தக் கவிதையைப் பத்திரிகைக்காரர் போட்டார்கள், இரண்டு பேர் பாராட்டிக் கடிதமும் எழுதினார்கள். அவற்றை மேசைக் கண்ணாடிக்குக் கீழே, நீ வந்தால் கண்ணில் படும்படி வைத்தேன். நீ பார்த்தாய், முத்திரை வாங்கிக்கொண்டு போனாய். மாசி மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. கடற்கரைக் கிராமங்களில் இல்லாமல் போனவர்களின் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள், கொடுக்க ஆளில்லாமல் முல்லைத்தீவிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தன. பொங்கல் வாழ்த்துகள்கூட இருந்தன. ஒவ்வொன்றையும் அனுப்பியவருக்குத் திருப்பி விடுவதற்கு உறையின் மேல் காரணம் எழுத வேண்டும். என் கை அதில் என்ன எழுதியது என்பதை மட்டும் எட்டு வரியில் எழுதினேன். கொப்பி மாற்றும் நாள்வரை பொறுக்க முடியாமல் உன் கிளினிக்குக்கே கொண்டுவந்தேன். நிறுவைத் தராசில் ஒரு குழந்தையைப் படுக்க வைத்திருந்தாய். அது வீறிட்டு அழ அழ நீ எட்டு வரியையும் வாசித்து, “ம்” என்றாய். எழுத்தில் நான் வளர்ந்தேன் என்று ஏதாவது இருந்தால் அது அந்த இரண்டு மாதத்தில் நடந்தது. அன்று உனக்கு நன்றி சொல்லியிருக்கலாம். வீம்பில் சொல்லவில்லை.

பிறகு மறுபடி சண்டை, பாதை மூடியது. தபால் நின்றது, பத்திரிகை நின்றது. கவிதை அனுப்ப இடமில்லை. “நல்லதாப் போச்சு, இனி உனக்கு நான், எனக்கு நீ” என்றாய். கொப்பி கிடைப்பதே பெரும்பாடாகியது. நீ கிளினிக்கில் குழந்தைகளின் நிறை குறித்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, அவற்றை ஊசி நூலால் தைத்து எனக்குத் தந்தாய். உன் நல்ல கவிதைகள் எல்லாம் அந்த இரண்டு வருடத்தில் எழுதியவை. உலகத்தில் அவற்றை வாசித்தது நான் ஒருத்திதான். அதுவும் ஒரே ஒரு தடவை, சத்தமாக. வாசித்துவிட்டுத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். எங்கே போகப்போகிறது, ஆற அமரப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

போன வருடக் கடைசி நாள் உன் வளவு முழுக்க இடம்பெயர்ந்த சனம். குசினியில் நாலு குடும்பம் சமைத்தது. நாம் பதுங்குகுழிப் படியில் உட்கார்ந்து, வெடிச்சத்தத்துக்கு நடுவே, ஒருவர் காதுக்குள் ஒருவர் வாசித்தோம். “இந்த வருசம் விடுவமே?” என்று நான் கேட்டதற்கு நீ முறைத்தாய். ஏழாவது கொப்பியை மாற்றிக்கொண்டோம்.

தை மாதம் பாதி கழிந்ததும் எங்களுக்கும் வெளிக்கிட வேண்டி வந்தது. நீ ஆஸ்பத்திரியோடு நின்றாய். நான் சைக்கிளில் அம்மாவை ஏற்ற வேண்டும், அரிசி வேண்டும், சட்டி பானை வேண்டும். உன் ஏழு கொப்பிகளையும் பார்த்தேன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது அம்மா பித்தளைப் பாத்திரங்களை வளவுக்குள் தாட்டுவிட்டு வந்தா. பாதை திறந்த பிறகு போய்த் தோண்டினோம். அந்தச் செம்மண்ணுக்குள் ஏழு வருடம் கிடந்தவை, புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்தன. நிலம் என்றால் எனக்கு அதுதான் தெரியும். கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி, உரப்பைக்குள் போட்டுக் கட்டி, உன் வளவின் பின்கோடிக்குப் போனேன். அங்கே அந்தப் பெரிய மருதமரம். எது அழிந்தாலும் இது நிற்கும், அடையாளம் தவறாது என்று எண்ணினேன். மண் இளகியிருந்தது, மண்வெட்டி சுகமாக இறங்கியது. அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். மரத்துக்குக் கிழக்கே இரண்டு எட்டு.

ஒரு கிழமை கழித்து உடையார்கட்டில், வீதிக்கரையில் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தபோது உன்னைக் கண்டேன். இளைத்துப்போயிருந்தாய். தோளில் உன் பிரசவப் பை. முதல் பேச்சே, “உன்ர ஏழும் என்னட்ட இருக்கு” என்பதுதான். பையைத் திறந்து காட்டினாய். கையுறைக்கும் கத்தரிக்கோலுக்கும் கீழே என் கொப்பிகள். மாற்றிக் கட்ட ஒரு சேலைகூட நீ எடுத்து வரவில்லை.

என் பக்கத் தறப்பாள் தலைப்பைப் பிடித்தபடி சொன்னேன். “உன்ரையை… தாட்டுட்டு வந்திட்டன். பத்திரமா.”

“எங்க வச்சனி?”

“உங்கட வளவு மருதடியில. கிழக்கால ரெண்டு எட்டு.”

நீ என்னைப் பார்த்தாய். அதிக நேரமில்லை. பிறகு தறப்பாளின் மற்றத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கட்டத் தொடங்கினாய். “நல்ல இடம்” என்றாய். “அடையாளம் மாறாது. போய் எடுப்பம்.” முடிச்சை இறுக்கிவிட்டு, “அம்மா சாப்பிட்டவாவோ?” என்று கேட்டாய்.

நாலாம் நாள் பின்னேரம், இரண்டு தறப்பாள் தள்ளி ஒரு பெண்ணுக்குப் பிரசவ நோவு கண்டிருக்கிறது என்று ஆள் வந்தது. நீ பையை எடுக்காமல் ஓடினாய், முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. எறிகணை நீ போன வழியில் விழுந்தது. மேலே எழுத வேண்டாம், இவ்வளவு போதும். நீயே ஓரத்தில் “காணும்” என்று எழுதுவாய். மறுநாள் அண்ணை அந்தப் பையை என்னிடம் கொண்டுவந்து, “இதுக்க இருக்கிறது உங்கட சாமானெண்டு சொன்னவள்” என்றார். என் ஏழு கொப்பிகளையும் வயிற்றில் கட்டிக்கொண்டு, அம்மாவைத் தாங்கிக்கொண்டு, களப்புத் தண்ணீரைக் கடந்து முகாமுக்கு வந்தேன். மண்ணுக்கு அடியில் உன்னுடையவை இருக்கின்றன என்ற நினைப்பு எனக்குத் துணையாக இருந்தது. முகாமில் படுத்திருக்கும்போது, மருதமரத்திலிருந்து இரண்டு எட்டு வைத்துப் பார்ப்பேன். என்றைக்கோ ஒருநாள் விசுவமடுவுக்கு விடுவார்கள்.

அதைத்தான் இன்று காலை அண்ணையிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். ஒன்றல்ல, ஏழும் இருக்கு அண்ணை, பத்திரமாக இருக்கு, விட்ட உடனே போய் எடுப்பம் என்றேன். இடத்தைச் சொன்னதும் அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருதடியிலயோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை.”

“அது தாழ்வெல்லோ. குளத்துத் தண்ணி கசிஞ்சு வாற இடம். ஈரம் இருக்கிற இடத்திலதானே மருது நிக்கும். மாரியில அதில முழங்காலுக்கு மேல தண்ணி நிண்டு, தையிலதான் வடியும்.” குரலை உயர்த்தவே இல்லை. யன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். “இப்பவும் நிக்கும்.”

பதின்மூன்று வருடம் அந்த மண்ணில் இருந்தேன். மாரியில் வந்தால் உன் குசினியில் அடுப்படியில் குந்தியிருந்தேன், பின்கோடிப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. கவிதையில் எத்தனை மருதமரம் எழுதியிருப்பேன். அது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

“அவளுக்குச் சொன்னனான் அண்ணை. நல்ல இடமெண்டு சொன்னவள்.”

அவர் தலையை ஆட்டினார். “அவள் பிறந்து வளந்த காணி. சின்னனில அந்த மருதடித் தண்ணியிலதான் நீந்தப் பழகினவள்.”

அப்போதுதான் விளங்கியது. தறப்பாள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கணத்திலேயே உனக்குத் தெரிந்துவிட்டது, உன் ஏழு வருடமும் போய்விட்டதென்று. ஒரு வரியில் ஒரு சொல் கூடினாலும் பொய் என்று எழுதுகிறவள், என் முகத்தைப் பார்த்து, நல்ல இடம் என்றாய். அம்மா சாப்பிட்டாவா என்று கேட்டாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால், இருந்த நாலு நாளில் உன் கவிதைகளைச் சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதியிருப்பேன். இல்லை, அதுவும் இப்போது சொல்கிற கதை. அந்த நாலு நாளும் நாம் தண்ணீருக்கும் விறகுக்கும் அலைந்தோம்.

என் கவிதைகள் எனக்கு மனப்பாடம், ஏழு கொப்பியும். உன்னுடையதில் ஒன்றுகூட முழுதாகப் பாடமில்லை. அண்ணை போன பிறகு இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஞாபகத்தில் இருப்பதை எழுதிப் பார்த்தேன். “தராசுத் தட்டு ஆடி அடங்கும்வரை தாய் மூச்சு விடுவதில்லை.” அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது? “இந்தப் பாதையின் பள்ளங்களை என் சைக்கிளுக்குத் தெரியும், எந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் யார் பிறந்தார் என்று எனக்குத் தெரியும்.” இது சரியா, அல்லது நான் சொல் மாற்றிவிட்டேனா? இன்னொன்று “இன்னும் பெயர் வைக்கவில்லை” என்று முடியும். முடிவு மட்டும் இருக்கிறது. ஏழு வருடத்தில் இவ்வளவுதான் மிச்சம், அரைப் பக்கம்.

அண்ணையை வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை. என் கொப்பிகளில் ஆறை எடுத்து அவர் மடியில் வைத்தேன். “இது உங்கட கவிதையெல்லோ” என்றார். ஓரத்தைக் காட்டினேன். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கவிதை வாசித்திருக்க மாட்டார். விரலால் உன் பென்சில் எழுத்தைத் தொட்டுத் தொட்டு, பக்கம் பக்கமாகப் போனார். ஓரிடத்தில் நின்று, “‘இதை எழுதேக்க பசியோட இருந்தனியோ’,” என்று மெல்ல வாசித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுதார். “அவள் கதைக்கிற மாதிரியே இருக்கு” என்றார். ஆறையும் என் உடுப்புப் பைக்குள் போட்டு, பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். இந்த முறை சுற்றத் தெரிந்தது.

ஏழாவதை மட்டும் கொடுக்கவில்லை. போன வருடக் கொப்பி. உடையார்கட்டிலும் நீ அதை வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். பதினேழாம் பக்கம்வரை உன் பென்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஓரத்தில், “இதைப் பற்றிக் கதைக்கோணும்” என்று எழுதியிருக்கிறாய். எந்த வரியைப் பற்றி? நல்லதா, கெட்டதா? முகாமில் அந்தப் பக்கத்தை ஆயிரம் தடவை வாசித்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. பதினெட்டாம் பக்கத்திலிருந்து ஓரம் வெறுமையாக இருக்கிறது. அன்று காதுக்குள் வாசித்ததோடு சரி, அதற்குப் பிறகுள்ள பக்கங்களைப் பென்சிலோடு இந்த உலகத்தில் யாரும் வாசிக்கவில்லை. இந்த வருடம் நான் எழுதியது ஒரே ஒரு கவிதை. அதை மாற்றிக்கொள்ள ஆளில்லை.

மழை விடவில்லை. இவ்வளவையும் முதலிலிருந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன், நீ வாசிப்பதுபோல, இரக்கமில்லாமல். “நல்ல இடம், அடையாளம் மாறாது” என்று நீ சொன்ன வரி வந்தபோது உன் பென்சிலை எடுத்தேன். அதன் ஓரத்தில் எழுத வேண்டிய சொல் எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அழ வேண்டியதையெல்லாம் முகாமிலேயே அழுது முடித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் பார், அங்கே. அதற்கு நேரே, நீ இருந்தால் எழுதியிருப்பதை, உன் பல் பதிந்த இந்தத் துண்டுப் பென்சிலால் எழுதிவிட்டேன்.

பொய்.